நாள்பட்ட நோயில் உடல் இளைத்துத் தசை கரைகிறதா? முதல் அளவெடுப்பிலிருந்து மூன்றாம் மாதம் வரை செய்ய வேண்டியவை

"நோய் வந்தால் இளைக்கத்தானே செய்யும்" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில நேரம் மருத்துவமனையிலும் சொல்கிறார்கள். அதை நம்பி விட்டுவிடுகிற மாதங்களில்தான் திரும்பப் பெறக் கடினமான அளவு தசை போய்விடுகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய், காசநோய், எச்ஐவி, முடக்குவாதம் என எந்த நோயாக இருந்தாலும் இளைப்பைத் தனிப் பிரச்சினையாக எடுத்து, தனியாக அளந்து, தனியாகச் சிகிச்சை கேட்க வேண்டும். நீங்கள் நோயாளியாக இருந்தாலும், கூடவே இருந்து கவனித்துக்கொள்பவராக இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். வெறும் பட்டினியில் உடம்பு முடிந்தவரை கொழுப்பை எரித்துத் தசையைக் காப்பாற்றப் பார்க்கும். சாப்பாடு கிடைத்ததும் தேறிவிடும். நோயில் அப்படி நடப்பதில்லை. நோயால் எழும் அழற்சிப் பொருட்கள் (இன்டர்லியூகின்-6, டிஎன்எஃப் போன்றவை) மூளையில் பசியை அடக்குகின்றன, தசைப் புரதம் சிதைவதை வேகப்படுத்துகின்றன, பல நோயாளிகளில் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலையும் கூட்டுகின்றன. மருத்துவர்கள் கேக்கெக்சியா என்று சொல்வது இதைத்தான். அதனால் "நிறையச் சாப்பிடு" என்ற ஒற்றை அறிவுரையால் இது தீராது. அடிப்படை நோய்க்கான சிகிச்சை, உணவு, தசைக்கு வேலை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

1. முதல் நாள்: அளந்து எழுதி வையுங்கள்

எடை பார்க்கும் கருவியும் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவும் போதும். காலையில் மலம், சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுமுன், மெல்லிய உடையில், எப்போதும் ஒரே கருவியில் எடை பாருங்கள். வாரம் ஒருமுறை போதும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் நீர் கோப்பதைக் கண்டுபிடிக்கத் தினமும் பார்க்க வேண்டும்.

கிலோவைப் பார்த்துப் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம், சதவீதத்தைக் கணக்கிடுங்கள். பழைய எடையிலிருந்து இப்போதைய எடையைக் கழித்து, பழைய எடையால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 62 கிலோ இருந்தவர் இப்போது 57.5 கிலோ என்றால் இழப்பு ஏறக்குறைய 7 சதவீதம். முயற்சி எடுக்காமலே 6 முதல் 12 மாதங்களுக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் இதற்கென்றே போக வேண்டும். புற்றுநோயில், பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 20-க்குக் கீழே இருப்பவருக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே போதும், அது கேக்கெக்சியா வரையறைக்குள் வந்துவிடும்.

பழைய எடை தெரியவில்லையா? பழைய மருத்துவமனைச் சீட்டுகள், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் எழுதிய குறிப்பு, காப்பீட்டுப் பரிசோதனை ஆகியவற்றில் தேடுங்கள். எங்கும் கிடைக்காவிட்டால், இடைவாரில் எத்தனை துளை உள்ளே போயிருக்கிறது, மோதிரம் கழன்று விழுகிறதா, பல்செட் ஆடுகிறதா என்று எழுதுங்கள். அவையும் சான்றுதான்.

எடை பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு: உடம்பில் நீர் கோத்திருக்கும்போது. தசை கரைந்துகொண்டிருக்கும்; நீர் ஏறிக்கொண்டிருக்கும்; எடைக்கருவியில் எண் நகராது. டயாலிசிஸ் செய்பவர்கள் சிகிச்சை முடிந்த பிறகான எடையை மட்டுமே ஒப்பிட வேண்டும். கல்லீரல் சுருக்கத்தில் வயிற்று நீர் லேசாக இருந்தால் 5, நடுத்தரமாக இருந்தால் 10, அதிகமாக இருந்தால் 15 சதவீதத்தை எடையிலிருந்து கழிப்பார்கள்; கால் வீக்கமும் இருந்தால் மேலும் 5 சதவீதம். நடுத்தர வயிற்று நீரும் கால் வீக்கமும் உள்ள 60 கிலோ நோயாளியின் உண்மையான எடை 51 கிலோதான். எவ்வளவு உணவு தேவை என்று கணக்கிடுவதும் அந்த 51-ஐ வைத்துத்தான்.

அடுத்து கெண்டைக்கால் சுற்றளவு. உட்கார்ந்து, முழங்காலைச் செங்கோணமாக மடித்து, கெண்டைக்காலின் தடித்த இடத்தில் நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். ஆசிய நாட்டவருக்கான அளவுகோலில் ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழும், பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழும் இருந்தால் தசை குறைந்திருக்கலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவைத் தள்ளிவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேற்கையை அளந்து, அதையே மாதாமாதம் தொடருங்கள்.

வலிமைக்கு ஒரு சோதனை: சுவரோரம் ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் ஆசிய அளவுகோல்படி கவனிக்க வேண்டிய நிலை. ஐரோப்பிய அளவுகோலில் அது 15 விநாடிக்கு மேல். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் இதைச் செய்யாதீர்கள். இயன்முறை மருத்துவரிடம் கைப்பிடி வலிமை அளக்கும் கருவி இருந்தால் அதிலும் அளக்கச் சொல்லுங்கள்: ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ ஆசிய வரம்பு.

பருமனாக இருப்பவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை. 90 கிலோவிலிருந்து 80-க்கு வந்தவரை "நல்லதுதானே" என்று பாராட்டுவார்கள். நோய்க்காலத்தில் முயற்சியின்றிக் குறைந்த அந்த 10 கிலோவில் கணிசமான பங்கு தசையாக இருக்கலாம். தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல் நாற்காலிச் சோதனையை நம்புங்கள்.

2. முதல் வாரம்: காகிதங்களை ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள்

மருத்துவர் முன் உட்காரும் நேரம் குறைவு. அதில் பாதி, பழைய காகிதம் தேடுவதில் போய்விடும். இவற்றை எடுத்து வையுங்கள்:

- எடை, கெண்டைக்கால் அளவு, நாற்காலி விநாடி ஆகியவை தேதியோடு ஒரே பக்கத்தில்.
- மூன்று நாள் உணவுக் குறிப்பு. என்ன பரிமாறப்பட்டது என்று எழுதினால் பயனில்லை. தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று எழுதுங்கள். முழுதும், முக்கால், பாதி, கால் என்றால் போதும். மூன்றில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும். சிகிச்சை நாளும் உண்டென்றால் அதையும் சேருங்கள்.
- எல்லா மருந்துகளின் பெயர், அளவு, நேரம். மூலிகை, சத்துப் பொடி, தூக்க மாத்திரை உட்பட.
- கடந்த ஓராண்டு மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கங்கள், ரத்தப் பரிசோதனைகள்.
- ஏற்கெனவே எடுத்த சிடி ஸ்கேன் இருந்தால் அதன் குறுந்தகடு. இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பு மட்டத்திலுள்ள படத்தை வைத்தே தசைப் பரப்பை அளக்க முடியும். இதற்கென்று புதிய ஸ்கேனுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

சந்திப்பில் ஒரு வேண்டுகோளை மறக்காமல் வையுங்கள்: இளைப்பையும் தசை இழப்பையும் நோயறிதலாகவே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் கேக்கெக்சியாவுக்கு ஆர்64 (R64) என்ற தனி எண் இருக்கிறது. "சோர்வு, பசியின்மை" என்று மட்டும் எழுதியிருந்தால் உணவியலாளர் ஆலோசனை, இயன்முறை சிகிச்சை, மருத்துவச் சத்துப் பானம் ஆகியவற்றுக்குக் காப்பீடோ அரசுத் திட்டமோ பணம் தர மறுக்க இடமிருக்கிறது. பானத்துக்கான சீட்டிலும் நோயின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, எத்தனை வாரம் என்று எழுதி வாங்குங்கள். பில்களை மூலப்படியாக வைத்திருங்கள். வெப்பத்தாளில் அச்சான பில்கள் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

உணவியலாளரைப் பார்க்கத் தனியாக எழுதித்தரக் கேளுங்கள். பல இடங்களில் நீங்கள் கேட்டால்தான் அனுப்புவார்கள்.

3. முதல் இரண்டு வாரம்: திருத்தக்கூடிய காரணங்களைத் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டி நேராகச் சத்துமாவு டப்பாவுக்குப் போவதுதான் பரவலாக நடக்கும் தவறு. நோய்தான் உருக்குகிறது என்று முடிவு கட்டுமுன், அதோடு சேர்ந்து எடையைத் தின்னும் சில்லறைக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒருவரிடம் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய அதிகச் செலவும் ஆகாது.

வாயிலிருந்து தொடங்குங்கள். வாய்ப்புண், நாக்கில் வெள்ளைப் படிவாகப் பூஞ்சை, ஆடும் பல், பொருந்தாத பல்செட், வறண்ட வாய் இவற்றில் எது இருந்தாலும் சாப்பாடு பாதியாகும். இன்ஹேலரில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்காவிட்டால் பூஞ்சை எளிதில் வரும். சாப்பிடும்போது இருமல், புரையேறல், குரல் ஈரமாக மாறுதல் இருந்தால் விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும். அது தெரியாமல் உணவைக் கூட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பிறகு மலச்சிக்கல். வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நடமாட்டமின்மை மூன்றும் சேர்ந்தால் குடல் அடைத்துக்கொண்டு பசியே எடுக்காது. இதைக் கேட்காமலே பசி மருந்து எழுதுவது அடிக்கடி நடக்கிறது. நீங்களே சொல்லிவிடுங்கள்.

மருந்துகளில் சந்தேகப்பட வேண்டியவை: மெட்ஃபார்மின், நீரிழிவுக்கும் எடைக்குறைப்புக்கும் போடும் ஜிஎல்பி-1 வகை ஊசிகள், டைகாக்சின், தியோஃபிலின், ஓபியாய்டு வலி மருந்துகள், நீண்ட நாள் ஆன்டிபயாடிக். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி-2 வகை மருந்துகளும் எடையைக் குறைக்கும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு பல மாதம் தொடர்ந்தால் தொடை, தோள் தசைகள் பலவீனமாகும். படியேறுவதும் தரையிலிருந்து எழுவதும் முதலில் கடினமாகும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பட்டியலைக் காட்டி, "இவற்றில் எதை மாற்றலாம்?" என்று கேளுங்கள்.

வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம் என்றால் கொழுப்பு செரிக்கவில்லை. கணையம் காரணமாக இருந்தால் நொதிக் காப்ஸ்யூல் தருவார்கள். அதைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், சாப்பிட்டு எழுந்த பிறகு விழுங்கினால் பெரிய பயன் இராது. மன அழுத்தத்தையும் வெளிப்படையாகப் பேசுங்கள்: காலையில் சீக்கிரம் விழிப்பு, எதிலும் நாட்டமின்மை, பிடித்த உணவின் மீதும் வெறுப்பு எல்லாம் சிகிச்சைக்குரியவை.

முதல் சுற்றுப் பரிசோதனையாக ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் பரிசோதனை), வைட்டமின் டி ஆகியவை பெரும்பாலும் போதும். இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் சேரும். விலை கூடிய 'முழு உடல்' தொகுப்புகளில் பணத்தைக் கரைக்காதீர்கள்.

அறிக்கைகளைப் படிப்பதில் இரண்டு பொறிகள். ஆல்புமின் (ரத்தத்திலுள்ள ஒரு புரதம்) குறைந்திருந்தால் "புரதம் சாப்பிடவில்லை" என்று அர்த்தமில்லை. அழற்சியே அதைக் குறைக்கும், கல்லீரல் நோயும் குறைக்கும், சிறுநீரில் புரதம் போனாலும் குறையும். ஆல்புமின் ஊசி போட்டுத் தசையை வளர்க்க முடியாது. இரண்டாவது இன்னும் நுட்பமானது: சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்கு அது குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் எண் நல்லதாகத் தெரியும். அதை நம்பிக் கொடுத்த மருந்து அளவு கூடிவிடலாம். மிகவும் இளைத்தவர்களுக்குச் தசையின் அளவை அவ்வளவாகச் சாராமல் சிறுநீரகத்தை மதிப்பிடும் சிஸ்டாட்டின்-சி பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எடை குறைந்ததும் மருந்து அளவுகளையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தாழும். ரத்த அழுத்த மாத்திரையால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ நேரும்.

4. எவ்வளவு உணவு, எவ்வளவு புரதம்: கணக்கு

கணக்குக்கு முன் ஓர் எச்சரிக்கை. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர், 3 முதல் 6 மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர், பிஎம்ஐ 16-க்குக் கீழே போனவர் ஆகியோருக்குத் திடீரென நிறைய உணவு கொடுக்கக் கூடாது. உணவு உள்ளே போனதும் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். இவர்களுக்கு மருத்துவமனையில், தையமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு, நாளுக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 10 கிலோகலோரியில் தொடங்கி, ரத்த அளவுகளைப் பார்த்துப் பார்த்துச் சில நாட்களில் ஏற்றுவார்கள். அன்பின் மிகுதியால் வீட்டிலேயே ஊட்டத் தொடங்கிவிடாதீர்கள்.

மற்றவர்களுக்குப் பொது அளவு: நாளுக்கு உடல் எடைக் கிலோவுக்கு 25 முதல் 30 கிலோகலோரி, புரதம் 1 முதல் 1.5 கிராம். 50 கிலோ உள்ளவர் 1,250 முதல் 1,500 கிலோகலோரி, 50 முதல் 75 கிராம் புரதம் என்று தொடங்கலாம். எடை இன்னும் இறங்கினால் கலோரியைக் கூட்ட வேண்டும்.

நோய்க்கு நோய் இது மாறும். இங்கேதான் பக்கத்து வீட்டார் அறிவுரை ஆபத்தாகிறது.

சிறுநீரகச் செயலிழப்பில் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்துவது வழக்கம், ஏறக்குறைய 0.6 முதல் 0.8 கிராம். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகி 1 முதல் 1.2 கிராம் தேவைப்படும், ஏனென்றால் ஒவ்வொரு அமர்விலும் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு டயாலிசிஸிலும் புரதத்தைத் தவிர்த்துத் தசையை இழப்பவர்கள் நிறையப் பேர். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையிலும், இளைப்பு தொடங்கிவிட்டால் கட்டுப்பாட்டை அப்படியே தொடரலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கல்லீரல் சுருக்கத்தில் 1.2 முதல் 1.5 கிராம். மூளைக் குழப்பம் வருமென்று புரதத்தை நிறுத்துவது பழைய வழக்கம். இப்போதைய வழிகாட்டுதல்கள் அதை ஏற்பதில்லை. இந்த நோயாளிகளின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. ஓர் இரவுப் பட்டினியே தசையைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அதனால் படுக்குமுன் ஏறக்குறைய 50 கிராம் மாவுச்சத்துள்ள ஒரு சிற்றுணவு கட்டாயம். செலவே இல்லாத இந்த ஒரு பழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

புற்றுநோயில், "சர்க்கரையும் மாவும் கட்டியை வளர்க்கும்" என்று கேட்டு உணவுவகைகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறார்கள். இளைத்துக்கொண்டிருப்பவரின் கலோரியைக் குறைக்கும் எந்தப் பத்தியமும் அவருக்குத் தீங்கு. இதயச் செயலிழப்பில் உப்பையும் நீரையும் கவனியுங்கள்: பொட்டல சூப்பில் உப்பு அதிகம், நீர்க்கட்டுப்பாடு உள்ளவருக்கு அடர்த்தியான பானமே சரி. நீரிழிவும் சேர்ந்திருந்தால், பத்தியத்தைத் தளர்த்தி மருந்தைச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். பசியே இல்லாதவரிடம் பட்டியல் போட்டுப் பறிக்கக் கூடாது.

5. அதை வயிற்றுக்குள் கொண்டுபோவது எப்படி

ஒரே வேளையில் புரதத்தைக் குவிக்காதீர்கள். ஒவ்வொரு முக்கிய வேளையிலும் 20 முதல் 30 கிராம் கிடைத்தால் தசை கட்டும் வேலை நன்றாக நடக்கும். தோராய அளவுகள்: ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7, சமைத்த மீனோ கோழியோ 100 கிராமில் ஏறக்குறைய 25, வெந்த பருப்பு, பயறு 100 கிராமில் 7 முதல் 9, 30 கிராம் நிலக்கடலையில் 7 முதல் 8.

அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவதுதான் நுணுக்கம். 500 மில்லி பாலில் 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்தால் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இந்தப் பாலையே குடிக்கவும் சமையலுக்கும் பயன்படுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் ஏறக்குறைய 120 கிலோகலோரி கூடும், தட்டின் அளவு மாறாது. இப்படிச் செய்தால் காலையில் இரண்டு முட்டையும் 200 மில்லி செறிவூட்டிய பாலும், மதியம் 100 கிராம் மீனும், மாலை ஒரு கைப்பிடி கடலையும், இரவு மீண்டும் அந்தப் பாலும் சேர்ந்து 70 கிராம் புரதத்தை எட்டிவிடும். பால்பொடியில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் உண்டு. சிறுநீரக நோயாளிகள் இதைக் கேட்காமல் செய்யக் கூடாது.

தெளிந்த சூப்பை "சத்து" என்று பெரிய கிண்ணத்தில் கொடுப்பது வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் புரதம் பெரும்பாலும் எலும்போடு ஒட்டிய இறைச்சியில்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பிருந்து நீர், தேநீர் வேண்டாம்.

மூச்சு வாங்குபவர்கள் சாப்பிடுமுன் அரை மணி நேரம் ஓய்வெடுத்து, சிறு சிறு வேளைகளாக, மென்மையான உணவு உண்பது நல்லது. வீட்டில் ஆக்சிஜன் பரிந்துரைக்கப்பட்டவர்கள் சாப்பிடும்போது அதைக் கழற்ற வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூக்குக் குழாய் வழியாகத் தொடரச் சொல்வார்கள். கீமோ நாட்களில் நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவைக் கொடுக்காதீர்கள். குமட்டலோடு சேர்ந்து அந்த உணவே பின்னால் பிடிக்காமல் போகும். வாயில் உலோகச் சுவை இருந்தால் பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டி உதவும்.

மருத்துவச் சத்துப் பானங்கள்: உணவில் எட்ட முடியாதபோது மட்டும், உணவுக்குப் பதிலாக அல்லாமல் இரு வேளைகளுக்கு நடுவே. ஒரு மில்லிக்கு 1.5 கிலோகலோரி தரும் பானம் 200 மில்லியில் 300 தரும். 2 கிலோகலோரி வகையில் 150 மில்லி போதும். நாளொன்றுக்கு 400 கிலோகலோரியும் 30 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைக்கும் அளவு, குறைந்தது ஒரு மாதம். மடமடவென்று குடித்தால் வயிறு உப்பும், பேதியாகும். அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சச் சொல்லுங்கள். முதலில் இரண்டு மூன்று சுவைகளில் ஒவ்வொன்று மட்டும் வாங்குங்கள். பெட்டியாக வாங்கி வைத்தபின் சுவை பிடிக்காமல் போவது சாதாரணம். திறந்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

டப்பா வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள்: விலையை மொத்தப் புரதக் கிராமால் வகுங்கள். பால்பொடி, முட்டை, பயறுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிராமுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்தப் பணத்தில் முதல் உரிமை உணவியலாளருக்கும் இயன்முறை மருத்துவருக்கும்; உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் அமினோ அமிலப் பொடிகளுக்குக் கடைசி இடம்கூடத் தேவையில்லை.

6. தசைக்கு வேலை

சாப்பாடு மட்டும் கொடுத்துப் படுக்கையிலேயே வைத்திருந்தால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்புதான். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் இருந்தால் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்துவிடுகிறார்கள். நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. "ஓய்வெடு" என்ற சொல்லை வீட்டில் அளந்து பயன்படுத்துங்கள்.

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல் 5 முதல் 8 முறை, சற்று ஓய்வுக்குப் பின் இன்னொரு சுற்று, பிடிமானத்தோடு குதிகாலை உயர்த்துதல் 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 8 முறை. மற்ற நாட்களில் ஐந்து ஐந்து நிமிடமாக நடை. பேச முடிகிற அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம். 12 முறை சிரமமின்றி முடிந்தால் நாற்காலி உயரத்தைக் குறைக்கலாம் அல்லது ரப்பர் பட்டை சேர்க்கலாம். பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் புரத உணவு வரும்படி நேரத்தை அமையுங்கள்.

எழ முடியாதவர்களுக்கு: தொடையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுதல், குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குதல், ஒவ்வொரு வேளையும் கட்டிலோரம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து சாப்பிடுதல். கடைசியில் சொன்னது பயிற்சி போலவே தோன்றாது. ஆனால் முதுகுக்கும் கழுத்துக்கும் வேலை கிடைக்கிறது, புரையேறுவதும் குறைகிறது.

காய்ச்சல், நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே புதிதாக மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம். எலும்புக்குப் பரவிய புற்றுநோய், ரத்தத் தட்டணுக் குறைவு, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்கள் உள்ளவர்கள் எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக்கூடாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நுரையீரல், இதய நோயாளிகளுக்கென்று மறுவாழ்வுப் பயிற்சித் திட்டங்கள் உண்டு, பொதுவாக 6 முதல் 12 வாரம். இடம் கிடைக்கக் காத்திருக்க நேரும் என்பதால் முதல் சந்திப்பிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

7. பசி மருந்துகள்: எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள்

மெஜஸ்ட்ரால் பசியைத் தூண்டும், எடையும் ஏறும். ஏறுவது பெரும்பாலும் கொழுப்பும் நீரும். காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. டெக்சாமெத்தசோன் சில வாரங்களுக்கு மட்டும். நீண்டால் தசையையே தின்னும். ஓலன்சபின் குறைந்த அளவில், இரவில், புற்றுநோயாளிகளின் பசிக்கும் குமட்டலுக்கும் இப்போது தரப்படுகிறது. தூக்கம் வரும் என்பதால் முதியவர்கள் இரவில் எழும்போது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அனமோரெலின் என்ற மருந்து 2021-இல் ஜப்பானில் சில வகைப் புற்றுநோய்களுக்கு அனுமதி பெற்றது. மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கும் சைப்ரோஹெப்டடின் 'பசி சிரப்' மயக்கம் தரும், முதியவர்களுக்குக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரலாம்.

எந்த மருந்தைத் தொடங்கினாலும், எத்தனை வாரத்தில் பயன் பார்க்க வேண்டும், பயனில்லாவிட்டால் எப்போது நிறுத்த வேண்டும் என்று அன்றே கேட்டு எழுதிவிடுங்கள்.

8. காலக்கெடுவும் அடுத்த முடிவுகளும்

இரண்டாம் வாரம்: மலச்சிக்கல், வாய், வலி, மருந்துப் பட்டியல் சரியாகியிருக்க வேண்டும். நான்காம் வாரம்: எடை இறங்குவது நின்றிருந்தாலே வெற்றி, ஏறவில்லையே என்று திட்டத்தைக் கைவிடாதீர்கள். பன்னிரண்டாம் வாரம்: கெண்டைக்கால், நாற்காலிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். எடை கூடுமுன் விநாடிகள் குறைவது நல்ல அறிகுறி.

தேவையில் பாதிகூட ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிட முடியாது என்ற நிலையிலோ, முக்கால் பங்குக்கும் குறைவாக இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குழாய் வழி உணவு பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. நான்கு முதல் ஆறு வாரம் வரை மூக்குக் குழாய், அதற்கு மேல் வயிற்றில் நேரடியாகப் பொருத்தும் குழாய் என்பது பொது வழக்கம். குடல் வேலை செய்யும்வரை நரம்பு வழி உணவைவிட இதுவே பாதுகாப்பானது, செலவும் குறைவு.

நோய் முற்றி, சிகிச்சைக்கு இணங்காத கட்டத்தில் உணவைக் கூட்டினாலும் தசை திரும்பாது. அங்கே கட்டாயப்படுத்தி ஊட்டுவது குமட்டலையும் புரையேறலையும் மட்டுமே தரும். சாப்பிடாததால் நோயாளி இறக்கவில்லை, நோய் முற்றியதால்தான் பசி போகிறது என்பதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் மருத்துவரே நேரில் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஊட்டுபவர் மீது பழி விழுகிறது. வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவை இந்தக் கட்டத்துக்கு வெகு முன்பே அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது.

கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையை அழையுங்கள்: ஒரே வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் குறைதல், இதய நோயாளிக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறுதல், 24 மணி நேரமாக நீர்கூட இறங்காமை, புதிதாகப் புரையேறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், உணவைக் கூட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் படபடப்பு, குழப்பம், கால் வீக்கம், இன்சுலின் எடுப்பவருக்கு வியர்வையும் நடுக்கமும். கடைசியில் சொன்னதற்கு மட்டும், நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால், முதலில் 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு அழையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள்.